மூன்றரை வயதுப் பிள்ளைக்கும் சிகிச்சை உண்டு, அம்மாவையும் சேர்த்து

கேள்வி:

திண்டுக்கல் பக்கம் ஒரு கிராமம். எனக்கு 27 வயது, மகனுக்கு மூன்றரை. குடித்துவிட்டு வந்து என்னை அடிப்பது என் கணவருக்கு வழக்கம். பையன் என் இடுப்பில் இருக்கும்போதே அடி விழுந்திருக்கிறது. போன ஆடியில் தலையில் தையல் போடும்படி ஆனது. அன்றைக்கே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். இங்கே யாரும் அடிப்பதில்லை, சத்தம் போடுவதில்லை. ஆனால் பையன் ராத்திரி அலறிக்கொண்டு எழுகிறான். பைக் சத்தம் கேட்டால் கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறான். நின்றுபோயிருந்த படுக்கை நனைப்பது மறுபடி வந்துவிட்டது. அம்மாச்சியை ஒன்றும் செய்வதில்லை, என்னை மட்டும் அடிக்கிறான், கடிக்கிறான். கை ஓங்கிக்கொண்டு வரும்போது அவன் அப்பா முகம்தான் எனக்குத் தெரிகிறது. ஆத்திரத்தில் நானும் பலமாக அடித்துவிட்டு, பிறகு உட்கார்ந்து அழுகிறேன். "பச்சப் புள்ளைக்கு என்ன தெரியும், மறந்துரும், ஒரு கயிறு மந்திரிச்சுக் கட்டு" என்கிறார் அம்மா. அப்பா துபாய் போயிருக்கிறார் என்று அவனிடம் சொல்லி வைத்திருக்கிறோம். அவரோ ஞாயிற்றுக்கிழமை பிள்ளையைத் தன்னோடு அனுப்பச் சொல்லி ஆள் விடுகிறார். நான் மில்லில் ஷிப்ட் வேலைக்குப் போகிறேன். அவன் அழுவான் என்று தெரியாமல் கிளம்பிவிடுவேன். இவ்வளவு சின்னப் பிள்ளைக்குக் கவுன்சலிங் உண்டா? அவனைக் கூட்டிக்கொண்டு போய் விட்டால் சரிசெய்து தருவார்களா?

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மூன்றரை வயதுக் குழந்தைக்கும் சிகிச்சை உண்டு. பேச்சே வராத கைக்குழந்தைக்கும் உண்டு. ஆனால் அவனை மட்டும் உள்ளே அனுப்பிவிட்டு நீங்கள் வெளியே பெஞ்சில் காத்திருக்கிற சிகிச்சை உங்களுக்கு வேண்டாம். அடி விழுந்தது உங்கள் மேல். அதைப் பார்த்துக்கொண்டிருந்தது அவன். ஒரே வீட்டில் ஒரே நேரத்தில் இரண்டு பேருக்கும் பட்ட காயம் இது. ஆற்றுவதும் இரண்டு பேரையும் ஒன்றாக உட்கார வைத்துத்தான்.

உங்கள் அம்மா சொல்வது பிள்ளை மேலுள்ள பிரியத்தில்தான். ஆனால் அவன் மறக்கவில்லை. இந்த வயதுக்கு முன் நடந்ததைக் கோவையாக எடுத்துச் சொல்லத்தான் குழந்தைக்கு வராது. ஐந்து வயதுக்கு முன் பெரும் அதிர்ச்சிக்கு ஆளான குழந்தைகளை அமெரிக்க மனநல மருத்துவர் லெனோர் டெர் கவனித்து 1988-இல் எழுதினார். வாயால் சொல்லத் தெரியாத குழந்தைகளும் நடந்ததை விளையாட்டில் திரும்பத் திரும்பச் செய்து காட்டினார்கள், அதோடு தொடர்புள்ள பொருளுக்கும் சத்தத்துக்கும் பயந்தார்கள். உங்கள் மகனுக்கு அது பைக் சத்தம். அந்தச் சத்தம் வாசலில் வந்து நின்றால் அடுத்து என்ன நடக்கும் என்று அவன் உடம்புக்கு மனப்பாடம். அது பக்கத்து வீட்டு வண்டியா, பால்காரர் வண்டியா என்று யோசிப்பதற்குள் கால் கட்டிலுக்கடியில் போய்விடுகிறது. ராத்திரி அலறலும் படுக்கை நனைவதும் இதைச் சேர்ந்தவையாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். உலகம் முழுக்க மனநல மருத்துவர்கள் கையில் வைத்திருக்கிற அமெரிக்க நோயறிதல் கையேட்டில், ஆறு வயதும் அதற்குக் கீழும் உள்ள குழந்தைகளின் அதிர்ச்சிப் பாதிப்புக்கென்று தனி அளவுகோலே 2013-இல் சேர்க்கப்பட்டது. ஆகவே இது சேட்டையும் இல்லை, செல்லம் கொடுத்ததால் வந்ததும் இல்லை.

கயிறு கட்டுவதில் எனக்கு ஆட்சேபம் கிடையாது. தாத்தா பாட்டி சாமி பேரைச் சொல்லித் தலையில் கை வைத்து விபூதி பூசும்போது குழந்தைக்கு ஒரு தெம்பு வருவதைப் பார்த்திருக்கிறேன். பயமுறுத்திப் பேயோட்டுகிற இடத்துக்கு மட்டும் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். கயிறு கட்டியாயிற்று, இனி ஒன்றும் வேண்டாம் என்றும் இருந்துவிடாதீர்கள்.

உங்களை மட்டும் ஏன் அடிக்கிறான் என்பதுதான் உங்களை அதிகம் உறுத்துகிறது என்று கடிதத்தில் தெரிகிறது. குழந்தைக்குப் பயம் வந்தால் ஓடிப்போய் ஒண்டிக்கொள்ள அம்மாதான் இடம். அந்த அம்மாவே அடிபட்டுத் தரையில் கிடப்பதை அவன் பார்த்திருக்கிறான். என்னைக் காப்பாற்ற இவளால் முடியுமா என்ற சந்தேகம் அவனுக்குள் விழுந்துவிட்டது. அதைக் கேட்க வார்த்தை இல்லாததால் கையால் கேட்கிறான். இன்னொன்றும் உண்டு. அடி வாங்குகிறவராக இருப்பதைவிட அடிக்கிறவராக இருந்தால் பயம் குறைவு என்று அந்த வீட்டில் அவன் கற்றுக்கொண்டிருக்கிறான். அம்மாச்சியிடம் அடங்கி இருக்கிறான் என்றால் அவரை அதிகம் பிடிக்கும் என்று பொருள் இல்லை. என்ன செய்தாலும் விட்டுப் போகமாட்டாள் என்று நம்புகிற ஆளிடம்தான் குழந்தை உள்ளே இருப்பதைக் கொட்டும்.

இனி உங்கள் பக்கம். கை ஓங்கும்போது அவன் அப்பா முகம் தெரிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். என் பார்வையில் உங்கள் கடிதத்தில் எல்லாவற்றையும்விட முக்கியமான வரி அது. எழுதத் துணிந்ததற்கு உங்களை மதிக்கிறேன். அந்த நொடியில் மூன்றரை வயதுப் பிள்ளை உங்கள் கண்ணிலிருந்து மறைந்து, உங்களை அடித்த ஆள் எதிரே வந்து நிற்கிறான். நீங்கள் அடிப்பது அந்த ஆளை. அடி விழுவது பிள்ளைக்கு. இதோடு வீட்டில் இருப்பவர்களின் பேச்சும் சேர்ந்துகொள்ளும். "அப்பன உரிச்சு வச்சிருக்கு", "அந்த ரத்தம் எங்க போகும்", "சொன்ன பேச்சு கேக்கலேன்னா ஒங்கப்பன வரச் சொல்லிருவேன்." உங்கள் வீட்டில் இவை சொல்லப்படுகின்றனவா என்று தெரியாது. ஆனால் இந்த நிலையில் உள்ள வீடுகளில் நான் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. சொல்கிறவர்களுக்கு அது வெறும் வாய்ப்பேச்சு. குழந்தையோ 'நான் அப்பா மாதிரி, அப்பா அம்மாவை அடிப்பவர், அப்படியென்றால் நானும்' என்று எடுத்துக்கொள்கிறது. இந்த மூன்றையும் இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள். இதில் அம்மாவிடமும் வீட்டில் மற்றவர்களிடமும் தயவுதாட்சண்யம் பார்க்காதீர்கள்.

இந்த முடிச்சை அவிழ்ப்பதற்கென்றே உருவான சிகிச்சைமுறை ஒன்று இருக்கிறது. 1970களில் அமெரிக்காவின் மிச்சிகனில் செல்மா ஃப்ரைபர்க் என்ற சமூகப் பணியாளர், தாயையும் கைக்குழந்தையையும் அவர்கள் வீட்டுக்கே போய்ச் சேர்த்துப் பார்க்கத் தொடங்கினார். குழந்தை கதறும்போது காதில் விழாததுபோல் இருந்த ஓர் இளம்தாயை ஃப்ரைபர்க்கின் குழுவினர் கண்டித்துத் திருத்தப் பார்க்கவில்லை. அவள் சின்னப்பிள்ளையாக இருந்தபோது பட்டதைச் சொல்லவிட்டு, அழவிட்டு, காதுகொடுத்துக் கேட்டார்கள். அதற்குப் பிறகு அவளாகவே குழந்தையை அள்ளி அணைத்துக்கொண்டாள். அந்த வழியில் வந்த உளவியலாளர்கள் அலிசியா லீபர்மேனும் பட்ரீசியா வான் ஹார்னும் சான் பிரான்சிஸ்கோ பொது மருத்துவமனையில், வீட்டு வன்முறையைப் பார்த்த சிறு குழந்தைகளுக்காக இதை விரிவுபடுத்தினார்கள். சைல்ட்-பேரன்ட் சைக்கோதெரபி என்று பெயர். பிறந்த குழந்தை முதல் ஐந்து வயது வரை உள்ளவர்களுக்கானது. 2005-இல் வெளிவந்த ஆய்வில், அடிதடியைப் பார்த்த மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகள் 75 பேரை அம்மாக்களோடு சேர்த்தார்கள். ஒரு பிரிவுக்கு வாரம் ஒருமுறை வீதம் 50 வாரம் இந்தச் சிகிச்சை. மற்றவர்களுக்கு வழக்கமான உதவிகள். சேர்ந்து சிகிச்சை பெற்ற குழந்தைகளிடம் நடத்தைப் பிரச்சினைகளும் அதிர்ச்சியின் அறிகுறிகளும் நன்றாகக் குறைந்தன. சிகிச்சை முடிந்து ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோதும், நடத்தையில் தெரிந்த அந்தப் பலன் நிலைத்திருந்தது. 50 வாரம் என்பதைக் கவனியுங்கள். மூன்று வருடம் ஊறியது மூன்று சிட்டிங்கில் போகாது.

அறைக்குள் என்ன நடக்கும்? முதல் சில வாரங்கள் குழந்தை வராது, நீங்கள் மட்டும் போவீர்கள். என்ன நடந்தது, அவன் எதையெல்லாம் பார்த்தான், உங்களுக்கு ராத்திரி தூக்கம் உண்டா, சின்ன வயதில் உங்களை யார் அடித்தார்கள், யார் மடியில் வைத்துக்கொண்டார்கள் என்று பேசுவார்கள். பிறகு இருவரும் சேர்ந்து போவீர்கள். தரையில் பாய், கூடையில் அப்பா அம்மா பாப்பா பொம்மைகள், சின்னக் கட்டில், ஆம்புலன்ஸ், போலீஸ் ஜீப், டாக்டர் செட்.

சிகிச்சை அறையில் நான் பார்த்த ஒன்றை, அடையாளங்களை மாற்றிச் சொல்கிறேன். நான்கு வயதுப் பையன். வந்த முதல் நாளே அம்மா பொம்மையைக் குப்புறப் போட்டு மரக்கட்டையால் ஓங்கி ஓங்கி அடித்தான். பாப்பா பொம்மையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினான். அவன் அம்மா முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, "அப்படியெல்லாம் செய்யக் கூடாது, சாமி கண்ணக் குத்தும்" என்றார். நான் பையனைப் பார்த்து, "அந்த அம்மாவுக்கு ரொம்ப வலிக்குது. பாப்பா பயந்துபோய்க் கட்டிலுக்கு அடியில இருக்கு" என்று மட்டும் சொன்னேன். அவன் கட்டையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். பிறகு அவர் பக்கம் திரும்பி, "அவன் பார்த்ததை உங்களுக்குக் காட்டுகிறான், உங்களைத் திட்டவில்லை" என்றேன். பல வாரம் இதே விளையாட்டுத்தான். ஒருநாள் அந்த அம்மா தானாகக் கையை நீட்டிப் பாப்பா பொம்மையை வெளியே எடுத்து அம்மா பொம்மையின் மடியில் வைத்து, "அம்மாவுக்கு அடிபட்டுச்சு. டாக்டர் மருந்து போட்டாங்க. இப்ப பாப்பாவ அம்மா பத்திரமா வச்சிருக்கேன்" என்றார். பையன் ஆம்புலன்சைத் தேடி எடுத்துக்கொண்டு வந்தான். அதற்கப்புறம் அந்த விளையாட்டில் அடிக்குப் பிறகு ஆம்புலன்ஸ் வரத் தொடங்கியது. நான் ஆயிரம் வார்த்தை பேசியிருந்தாலும் இது நடந்திருக்காது. அவன் அம்மா வாயால் வரவேண்டிய சொல் அது.

அதனால்தான் துபாய் கதையை விட்டுவிடச் சொல்கிறேன். தையல் போட்ட தலையை அவன் பார்த்திருக்கிறான். நீங்கள் துபாய் என்றதும், நான் பார்த்ததைப் பற்றிப் பேசக்கூடாது போலிருக்கிறது என்று அவனுக்குப் புரிந்துவிடும். இந்த வயதுப் பிள்ளைகள் வீட்டில் நடக்கும் கெட்டது எதுவும் தன்னால்தான் என்று நினைக்கக்கூடியவர்கள். நான் பாலைக் கொட்டினேன், அப்பா அடித்தார், அப்பா போய்விட்டார் என்று தானே ஒரு கணக்குப் போட்டு வைத்திருப்பான். அவன் சாப்பிட்டு முடித்து நல்ல மனநிலையில் இருக்கும்போது, மடியில் வைத்துக்கொண்டு இவ்வளவு சொன்னால் போதும்: "அப்பா துபாய் போகல கண்ணு. அம்மா தப்பாச் சொல்லிட்டேன். அப்பா அம்மாவ அடிச்சாரு. நீ பாத்த, ரொம்பப் பயமா இருந்துச்சு. ஒன்னால அடிக்கல. அடிக்கறது தப்பு. அதான் நாம அம்மாச்சி வீட்டுல இருக்கோம்." அவன் காதில் வாங்காததுபோல் ஓடிவிடலாம். பரவாயில்லை, கேட்டிருப்பான். நாலு நாள் கழித்து ஏதாவது கேட்பான்.

அவன் "அப்பா வேணும்" என்று அழவும் கூடும். உங்களுக்கு அது நெஞ்சில் குத்தும். ஆனாலும் அவனுக்கு அப்பா மேல் பாசமும் உண்டு, பயமும் உண்டு. தோளில் தூக்கிக்கொண்டு கடைக்குப் போய் முறுக்கு வாங்கித் தந்ததும் அதே ஆள்தானே. "அப்பாவத் தேடுதா, தேடத்தான் செய்யும்" என்று சொல்லி அணைத்துக்கொள்ளுங்கள். அப்பாவைத் தேடினால் அம்மாவுக்குத் துரோகம் என்ற பாரத்தை அந்தச் சின்ன நெஞ்சில் ஏற்ற வேண்டாம்.

பைக் சத்தம் கேட்டு ஓடினால் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுக்காதீர்கள். நீங்களும் தரையில் உட்கார்ந்து, அவன் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் இருந்தபடி, "சத்தம் கேட்டுச்சு, பயந்துட்ட. அது பால்காரர் வண்டி. அம்மா இங்கதான் இருக்கேன்" என்று நிதானமாகச் சொல்லுங்கள். அவனே வெளியே வருவான். கை ஓங்கினால் மணிக்கட்டை மென்மையாகப் பிடித்து, "அடிக்க விடமாட்டேன். கோவம் வருது ஒனக்கு, தலையணையக் குத்து" என்று சொல்லலாம். அந்த நேரத்தில் அப்பா முகம் தெரிந்தால் அவன் பெயரை வாய்விட்டுச் சொல்லுங்கள், அவன் கையின் அளவைப் பாருங்கள். அது எவ்வளவு சின்னது என்று தெரியும். அப்படியும் அடங்கவில்லை என்றால் அம்மாச்சியிடம் விட்டுவிட்டுக் கொல்லைப்புறம் போய் முகம் கழுவிவிட்டு வாருங்கள். அடித்துவிட்டால், அழுது முடித்ததும் அவனிடம் போய், "அம்மா அடிச்சது தப்பு, ஒனக்கு வலிச்சிருக்கும்" என்று சொல்லுங்கள். அடித்த பெரியவர் தப்பை ஒத்துக்கொள்வதை அவன் இதுவரை பார்த்ததில்லை. அது அவனுக்குப் பெரிய பாடம்.

ஞாயிற்றுக்கிழமை அனுப்புவதைப் பற்றி ஆள் மூலம் பேச்சு வேண்டாம். பிள்ளை பயத்திலிருந்து வெளியே வருவதற்கு முதல் தேவை பாதுகாப்பு. அடி தொடர்கிற இடத்தில் தெரபி வேலை செய்வது கடினம். 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் 21-ஆம் பிரிவு பிள்ளை யாரிடம் இருப்பது, அப்பா பார்க்க வருவது பற்றியது. பார்க்க வருவது குழந்தைக்குக் கெடுதல் என்று தெரிந்தால் நீதித்துறை நடுவர் அனுமதி மறுக்கலாம். மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலரைப் பார்த்து மனுக் கொடுங்கள். பெண்களுக்கு வக்கீல் உதவி இலவசம், மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள். தலையில் தையல் போட்ட ஆஸ்பத்திரிச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். அவர் வாசலுக்கு வந்து தகராறு செய்தால் பெண்கள் உதவி எண் 181, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகப் பார்த்தால் குழந்தைகள் உதவி எண் 1098. இரண்டும் இரவு பகல் எந்த நேரமும் எடுப்பார்கள்.

சிகிச்சைக்கு எங்கே போவது? சான் பிரான்சிஸ்கோ முறையின் பெயர்ப்பலகையைத் தேடி அலையாதீர்கள். திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ மதுரை அரசு இராசாசி மருத்துவமனையிலோ மனநலப் பிரிவில் குழந்தைக்கென்று சீட்டுப் போடுங்கள். மாவட்ட அளவில், குழந்தைகளின் வளர்ச்சிக் குறைகளைப் பார்க்கும் டி.இ.ஐ.சி. எனப்படும் ஆரம்பநிலை இடையீட்டு மையத்திலும் உளவியலாளர் இருப்பார். காது கேட்பது, பேச்சு, சிறுநீரில் கிருமி இதையும் ஒருமுறை பார்த்துவிடச் சொல்லுங்கள். போக முடியாத நாட்களில் 14416 என்ற அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழில் பேசலாம், காசு கிடையாது. உங்கள் தூக்கத்துக்கும் அழுகைக்கும் நீங்களே அதில் பேசுங்கள்.

போன இடத்தில் மூன்றைக் கேளுங்கள். ஐந்து வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளைப் பார்த்த அனுபவம் உண்டா? நானும் அறையில் இருப்பேனா? பொம்மை வைத்து விளையாடவிடுவீர்களா? "விட்டுட்டுப் போங்கம்மா, நாங்க பாத்துக்கறோம்" என்றால் வேறு இடம் பாருங்கள். வீட்டில் நடந்ததைக் கேட்காமலே துறுதுறுப்பு நோய் (ஏ.டி.எச்.டி.) என்று முடிவுகட்டினாலும் ஏற்காதீர்கள். சதா உஷாராக இருக்கிற பிள்ளையும் ஓரிடத்தில் உட்காராது, சொன்னதைக் கவனிக்காது. வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல் இருக்கும். இந்த வயதில் மாத்திரை முதல் வழியும் அல்ல.

கடைசியாக மில் வேலை. வேலையை விடாதீர்கள். உங்கள் கையில் காசு இருப்பது பிள்ளைக்கும் பாதுகாப்பு. ஆனால் தெரியாமல் கிளம்புவதை நிறுத்துங்கள். கண் திறந்தால் அம்மா இல்லை என்பது இவனுக்குச் சாதாரணக் காரியம் இல்லை. ராத்திரி தூங்கப் பயப்படுவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். முதல் ஷிப்ட் என்றால் முதல்நாள் இரவே, "நீ எந்திரிக்கறப்ப அம்மா மில்லுல இருப்பேன், அம்மாச்சி கஞ்சி குடுக்கும், நீ விளையாடிட்டு இருக்கறப்ப வந்துருவேன்" என்று சொல்லுங்கள். விழித்திருக்கும்போது கிளம்பினால் வாசலில் நின்று டாட்டா காட்டிவிட்டுப் போங்கள். அழுவான், அழட்டும், அம்மாச்சி தூக்கி வைத்துக்கொள்ளட்டும். உங்கள் பழைய முந்தானைத் துணி ஒன்றை அவனோடு படுக்கப் போடுங்கள். வந்ததும், அலுப்பாக இருந்தாலும், கை கால் கழுவிவிட்டுக் கொஞ்ச நேரம் அவனோடு தரையில் உட்கார்ந்து அவன் சொல்கிற விளையாட்டை விளையாடுங்கள். சூப்பர்வைசரிடம் கேட்டுப் பார்த்து, சிகிச்சைக்குப் போகிற கிழமை மட்டும் ஒரே ஷிப்டாக மாற்றி வாங்க முடிந்தால், இந்த வாரமே மனநலப் பிரிவுக்குப் போய் முதல் சீட்டைப் போட்டுவிடுங்கள்.